செவென், ஓப்ராக், மெர்கான்தூர்: தெற்குப் பிரான்சில் ஒரு வாரம் நடக்க எந்த மலைவழி?

தெற்குப் பிரான்சின் மலைக் கிராமங்கள் வழியாக ஒரு வாரம் நடக்க நினைப்பவர்கள் கடைசியில் பெரும்பாலும் மூன்று பாதைகளுக்கு நடுவேதான் தடுமாறுவார்கள். ஒன்று, செவென் மலைகளைக் குறுக்காகக் கடக்கும் ஜி.ஆர். 70 (ஜி.ஆர். என்பது பிரான்சின் நெடுந்தூர நடைபாதைகளுக்கான சுருக்கப் பெயர்). இரண்டாவது, லு புய் நகரிலிருந்து ஓப்ராக் பீடபூமி வழியாகக் கோங்க் மடாலயத்துக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதை, ஜி.ஆர். 65. மூன்றாவது, இத்தாலி எல்லையை ஒட்டிய மெர்கான்தூர் முகடுகளைத் தாண்டி நேராகக் கடலில் போய் இறங்கும் ஜி.ஆர். 52.

படத்தை மட்டும் பார்த்தால் எல்லோர் கையும் மூன்றாவதைத்தான் காட்டும். நீல ஏரி, கூர்முகடு, ஐபெக்ஸ் ஆடு என்று எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனால் ஒரு வார நடை நல்லபடியாக முடிவதற்கும் காட்சிக்கும் அவ்வளவு சம்பந்தமில்லை. ராத்திரி எங்கே படுக்கிறோம், முட்டி பிசகினால் எந்த ஊரில் ரயிலோ பஸ்ஸோ பிடிக்கலாம், காலுக்கடியில் என்ன கல் கிடக்கிறது என்ற மூன்றும்தான் நடையைத் தீர்மானிக்கின்றன. இவற்றை வைத்துப் பார்த்தால், முதல் தடவை போகிறவருக்குச் செவென் பாதையின் தெற்குப் பாதிதான் சரியான தேர்வு என்று தயங்காமல் சொல்லலாம். மற்ற இரண்டும் யாருக்கு, எப்போது பொருந்தும் என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

கல்லிலிருந்து தொடங்கலாம்

செவென் பாதையில் மூன்று வகைக் கல் வரும். லு புய் பக்கம் கறுத்த எரிமலைக் கல். வீடுகளும் அதே கறுப்பு. லாங்கோன் ஊரை நெருங்கும்போது கருங்கல் தொடங்கி லொசேர் மலை முழுக்க அதுவே நீளும். ஃப்ளோராக்குக்குத் தெற்கே தகடு தகடாகப் பிளக்கும் பலகைக் கல். அதையே சுவருக்கும் கூரைக்கும் அடுக்கியிருப்பார்கள். இதில் நடப்பவர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கருங்கல் மழையில் நனைந்தாலும் சொரசொரப்பாகக் காலைப் பிடித்துக்கொள்ளும். பலகைக் கல் நனைந்தால் எண்ணெய் தடவினாற்போல வழுக்கும். செவென் பாதையில் விழுகிறவர்கள் 1,699 மீட்டர் ஃபினியெல் உச்சியில் விழுவது குறைவு. நடை முடியப்போகிற நேரத்தில், சேன் ழான் து கார் ஊருக்கு இறங்கும் 600 மீட்டர்கூட உயரமில்லாத கணவாயின் பலகைக் கல் சரிவில்தான் விழுகிறார்கள். களைத்த கால், கடைசி நாள் அவசரம், ஈரக் கல் மூன்றும் அங்கே ஒன்றுசேர்ந்துவிடுகின்றன.

யாத்திரைப் பாதையில் கல் அவ்வளவு தொந்தரவு தராது. அதிகமும் மாட்டு வண்டி போன பழைய தடங்கள், மண் சாலைகள், இரண்டு பக்கமும் கற்சுவர் வைத்த சந்துகள். மெர்கான்தூரில் நிலைமை வேறு. பல மணி நேரம் பெயர்ந்து கிடக்கும் பாறைக் குவியல்மேல் கல்லுக்குக் கல் தாண்டிப் போக வேண்டும். அங்கே ஒரு நாளை கிலோமீட்டரில் கணக்கிட்டால் தப்பாகிவிடும். சமவெளியில் இரண்டு மணி நேரத்தில் முடிகிற எட்டு கிலோமீட்டர் அங்கே ஐந்து மணி நேரம் எடுக்கும். 300 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம், 500 மீட்டர் இறக்கத்துக்கு ஒரு மணி நேரம் என்ற மலைக் கணக்கை வைத்துக்கொண்டு, பாறைக் குவியல் வந்தால் அதற்கு மேலே கூட்டிக்கொள்ளுங்கள்.

செவென் பாதை: ஏழு நாளுக்கு எதை எடுப்பது?

1878 இலையுதிர் காலத்தில் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் மொதெஸ்தீன் என்ற கழுதையுடன் லு மொனஸ்தியேவிலிருந்து சேன் ழான் து கார் வரை 12 நாட்கள் நடந்ததால் இதற்கு ஸ்டீவன்சன் பாதை என்றே பெயர். இன்றைய ஜி.ஆர். 70 லு புய்யில் தொடங்கி அலேஸ் நகரில் முடிகிறது. சுமார் 270 கிலோமீட்டர். முழுவதற்கும் 12 முதல் 14 நாட்கள் வேண்டும். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் வடக்குப் பாதியை விட்டுவிடுங்கள். வெலே பீடபூமி அழகுதான், ஆனால் நீண்ட வயல்வெளி. லா பஸ்தீத் ரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கே நடந்தால் ஏழு நாளில் சுமார் 130 கிலோமீட்டர். அதற்குள் கருங்கல் மலையும் பலகைக் கல் பள்ளத்தாக்கும் இரண்டுமே கிடைத்துவிடும்.

முதல் நாள் ஷஸ்ரதேஸ் வரை 12 கிலோமீட்டர் மட்டும். ரயிலில் வந்து இறங்கிய மதியமே முடித்துவிடலாம். மறுநாள் மிரந்தோல் பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே நுழைந்து கூலே மலை ஏறி லு ப்ளேமார். அந்த மலைக் காட்டில்தான் லோத் ஆறு பிறக்கிறது. ஊற்றருகே அது ஒரு தாண்டலில் கடக்கிற ஓடை. இதே ஆற்றை யாத்திரைப் பாதைக்காரர்கள் எஸ்பலியோனில் பெரிய கல் பாலம் ஏறிக் கடக்கிறார்கள்.

மூன்றாம் நாள்தான் இந்த நடையின் உச்சம். லு ப்ளேமாரிலிருந்து லு போன் து மோன்வேர் வரை 19 கிலோமீட்டர். 1,070 மீட்டரிலிருந்து ஃபினியெல் உச்சிக்கு ஏறி, 875 மீட்டருக்கு இறங்க வேண்டும். பனிச்சறுக்கு நிலையத்தின் கட்டடங்களைத் தாண்டியதும் மரம் முடிந்துவிடும். புல்வெளிக்கு நடுவே ஆள் உயரக் கருங்கற்கள் நட்டு வைத்திருப்பார்கள். மோன்ழுவா என்று பெயர். பனிமூட்டத்திலும் பனிப்பொழிவிலும் மந்தைக்காரரும் வழிப்போக்கரும் தடம் தவறாமலிருக்க நட்டவை. சிலவற்றில் மால்டா சிலுவை செதுக்கியிருக்கும். இந்த மலையின் பெரும்பகுதி ஒரு காலத்தில் புனித யோவான் சபை வீரர்களின் சொத்தாக இருந்ததன் அடையாளம் அது. மூட்டம் இறங்கினால் செய்ய வேண்டியது இதுதான்: நிற்கும் கல்லை விடாதீர்கள், அடுத்த கல் கண்ணுக்குத் தெரிந்த பிறகே கிளம்புங்கள். துணைக்கு ஒருவர் இருந்தால் ஒருவர் கல்லருகே நிற்க, மற்றவர் குரல் எட்டும் தூரம்வரை போய்த் தேடலாம். இந்த மலையில் வழி தவறுவதற்குக் காரணம் செங்குத்துப் பாறை இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருக்கும் சமதளப் புல்வெளிதான். பேச்சு வாக்கில் பக்கவாட்டில் சாய்ந்து போவது தெரியவே தெரியாது.

லு போன் து மோன்வேர் ஊருக்குள் தார்ன் ஆறு கருங்கல் உருண்டைகள்மேல் விழுந்து ஓடும். 1702 ஜூலையில் இங்கேதான் அபே து ஷைலா என்ற பாதிரியார் கொல்லப்பட்டு, புராட்டஸ்டன்ட் விவசாயிகளின் கமிசார் கிளர்ச்சி வெடித்தது. இதற்குத் தெற்கே ஊருக்கு ஊர் கோவிலும் தேவாலயமும் எதிரெதிரே நிற்பதன் காரணம் அதில் இருக்கிறது. புராட்டஸ்டன்ட்காரர்கள் தங்கள் வழிபாட்டு இடத்தை அங்கே கோவில் என்றுதான் சொல்வார்கள்.

நான்காம் நாள் ஏமாற்றும். ஃப்ளோராக்குக்கு 28 கிலோமீட்டர். ஊரைவிட்டு வெளியேறியதும் செங்குத்து ஏற்றம். பூழேஸ் மலைமுகட்டுக் காட்டில் கடையே கிடையாது, தண்ணீருக்கும் உத்தரவாதமில்லை. தலைக்கு மூன்று லிட்டர் நிரப்பிக்கொண்டு ஏழு மணிக்கே கிளம்பினால் மாலை ஐந்துக்குள் சேரலாம். ஒன்பது மணிக்கு இரண்டு லிட்டரோடு கிளம்பினால் கடைசி ஏழு கிலோமீட்டர் வெயிலில் வதைபட வேண்டும். இந்த நாளை இரண்டாகப் பிரிப்பதற்கு வழியில் தங்குமிடம் மிகக் குறைவு. முட்டி சரியில்லாதவர்கள் மூட்டையை வண்டியில் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு நடப்பதே மேல்.

ஐந்தாம் நாள் நேர்மாறு. மிமான்த் ஆற்றங்கரையில் 1968-இல் மூடப்பட்ட சிறு ரயில் பாதையின் தடத்திலேயே நடை. சுரங்கமும் பாலமும் வரும், ஏற்றமே தெரியாது. கஸன்யாஸின் பழைய ரயில் நிலையம் இப்போது விடுதி. அங்கிருந்து செஸ்நட் காட்டுக்குள் நுழைந்து சேன் ஜெர்மேன் து கல்பெர்த், பிறகு சேன் ழான் து கார்.

செஸ்நட் காட்டில் தனியாக நிற்கும் இரண்டடுக்குக் கல் குடிசைகளைக் கவனியுங்கள். சன்னல் இருக்காது, மேல் அடுக்குக்கு வெளியிலிருந்து ஒரு சிறு கதவு இருக்கும். பெயர் க்ளேத். மேல்தளத்துப் பலகைச் சட்டத்தில் கொட்டைகளைப் பரப்பி, கீழே வாரக்கணக்கில் சுடரில்லாமல் புகையவிடுவார்கள். காய்ந்த கொட்டையை அடித்துத் தோலை நீக்கினால், அது ஒரு வருடம் கெடாத கல்லாகிவிடும். நெல்லும் கோதுமையும் விளையாத சரிவில் தலைமுறைகள் பசியாறியது அந்தக் கொட்டையால்தான். செஸ்நட்டுக்கு அங்கே ரொட்டி மரம் என்றே பெயர்.

கழுதையோடு போவதா?

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது வேடிக்கை இல்லை, நல்ல வழி. பாதை நெடுகிலும் வாடகைக்குக் கழுதை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது 40 கிலோவரை சுமக்கும். மனிதரைச் சுமக்க அல்ல, மூட்டைக்குத்தான். வேகம் மணிக்கு மூன்று அல்லது நான்கு கிலோமீட்டர் என்பதால் நாளுக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடக்கூடாது. தவறு நடக்கிற இடங்கள் மூன்று. இரண்டு பக்கப் பைகளுக்கும் எடை ஒத்துவராமல் போனால் சேணம் ஒருபக்கம் சரியும். கையில் பிடிக்கும் சிறு தொங்கு தராசு ஒன்று போதும், ஒரு கிலோ வித்தியாசத்துக்குள் சரிசெய்துவிடலாம். சேணத்துக்கு அடியில் விரிக்கும் கம்பளியில் ஒரு மடிப்பு இருந்தாலும் மாலைக்குள் முதுகில் புண். காலையும் மாலையும் நான்கு குளம்பையும் தூக்கி, கொக்கியால் கல்லும் சேறும் சுரண்டி எடுக்க வேண்டும். குதிகாலிலிருந்து முன்நுனியை நோக்கித்தான் சுரண்டுவது. நடுவிலிருக்கும் முக்கோண மென்சதையைக் கொக்கி தொடக்கூடாது. அதோடு, கழுதையைக் கட்ட இடமுள்ள விடுதியா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

யாத்திரைப் பாதை: கூட்டமே இதன் பலம்

லு புய் பேராலயத்தில் காலை ஏழு மணித் திருப்பலிக்குப் பிறகு யாத்திரிகர்களுக்கு ஆசி உண்டு. முடிந்ததும் ஆலயத்தின் நடுத்தரையிலுள்ள கம்பிக் கதவு திறக்கும். தரைக்கு அடியே இறங்கும் படிகள் வழியாக நேரே தெருவுக்கு வந்து நடக்கத் தொடங்குகிறார்கள். நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, இந்தத் தொடக்கத்துக்கு ஈடாக மற்ற இரண்டு பாதையிலும் எதுவும் இல்லை.

கோங்க் வரை சுமார் 205 கிலோமீட்டர், பத்து நாள். ஐந்து முதல் பத்து கிலோமீட்டருக்கு ஒரு ஊரோ பண்ணை வீடோ வந்துகொண்டே இருக்கும். தனியாக வருகிற பெண்களும் அறுபது தாண்டியவர்களும் இங்கேதான் அதிகம். அதற்குக் காரணம் இந்தப் பாதுகாப்பு உணர்வு. மூட்டை சுமக்கும் வண்டிகள் தினமும் ஓடுகின்றன (செவென் பாதையிலும் உண்டு, மெர்கான்தூரின் உயர்மலையில் கிடையாது). மாலையில் நீள மேசையில் பத்துப் பேரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தனிமையைத் தேடி வருகிறவருக்கு இது மூன்றாம் நாளே சலித்துப்போகும்.

எளிய பாதை என்று பெயரெடுத்திருப்பதால் இரண்டாம் நாளில் பலர் அடிபடுகிறார்கள். சேன் பிரிவா தாண்டி ரோஷ்கூத் என்ற பாறைமேல் குட்டித் தேவாலயம்; அங்கிருந்து அலியே ஆற்றங்கரையிலுள்ள மொனிஸ்த்ரோலுக்கு 350 மீட்டர் சடசடவென்று இறக்கம், உடனே மறுகரையில் 400 மீட்டர் ஏற்றம். பத்துக் கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு, முதல் நாள் உற்சாகத்தில் வேகமாக நடந்த காலோடு இங்கே இறங்கினால் முட்டியின் வெளிப்பக்கத் தசைநார் வீங்கும். சிறு சிறு அடியாக, குறுக்குமறுக்காக, நடைக் கம்புகளை ஒரு கைப்பிடி நீளம் கூட்டி வைத்துக்கொண்டு இறங்குங்கள். வலி வந்துவிட்டால் மொனிஸ்த்ரோலிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, வெட்கப்படாமல் ஏறிவிடலாம்.

ஒரு வாரக்காரர்கள் ஓமோன் ஓப்ராக் ரயில் நிலையத்தில் இறங்கிக் கோங்க் வரை நடக்கலாம். 110 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஆறு நாள். நஸ்பினாலுக்கு 26, சேன் ஷெலிக்கு 17, எஸ்பலியோனுக்கு 22, எஸ்தேனுக்கு 12, கொலின்யாக்குக்கு 15, கோங்குக்கு 21 என்று கிட்டத்தட்ட. ஸ்பெயினின் சாந்தியாகோவுக்குப் போகும் யாத்திரைப் பாதைகளை (ஜி.ஆர். 65-உம் அவற்றில் ஒன்று) யுனெஸ்கோ 1998-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது பாதையாகவே தேர்ந்தெடுத்த துண்டுகளில் நஸ்பினால்–சேன் ஷெலி ஒன்று. ஓப்ராக் பீடபூமி கண்ணெட்டும் தூரம்வரை மொட்டைப் புல்வெளி, கற்சுவர், கண்ணுக்கு மை தீட்டியதுபோல் இருக்கும் மான் நிற ஓப்ராக் மாடுகள். மே கடைசியில் இந்த மாடுகளை மணியும் பூவும் கட்டி மேலே ஓட்டி வருவார்கள். பீடபூமியில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது என்பதால் இடி வரும் நாளில் காலையிலேயே கடந்துவிட வேண்டும். மேய்ச்சல் வேலிக் கதவைத் திறந்தால் உடனே மூடுங்கள். தாய்ப் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் நுழைந்துவிடாதீர்கள்.

கோங்க் ஊருக்குள் இறங்கும் கடைசிச் சரிவு மழையில் வழுக்கும், அவசரப்படாதீர்கள். சேன்த் ஃபுவா மடாலயத்தின் 104 சன்னல்களுக்கும் ஓவியர் பியேர் சூலாழ் வடிவமைத்த நிறமற்ற கண்ணாடிகள், 1994-இல் பொருத்தப்பட்டவை. அவற்றுக்காகவே ஒரு மாலையும் ஒரு காலையும் அங்கே தங்கலாம். கண்ணாடியில் வண்ணமே இல்லை, ஆனாலும் பொழுதுக்கு ஏற்ப வெளிச்சம் நீலமாகவும் செம்மஞ்சளாகவும் மாறும்.

மெர்கான்தூர்: கடலை நோக்கி இறங்கும் உயர்மலை

சேன் தல்மாஸிலிருந்து மான்தோன் வரை ஏழு நாள். போரெயோன், மதோன் து ஃபெனெஸ்த்ர், நீஸ் குடில், மெர்வேய் குடில், ஓத்தியோன் முகடு, சோஸ்பெல், மான்தோன் என்று ஏழு நிறுத்தங்கள். உண்மையான கிராமம் என்றால் சோஸ்பெல் ஒன்றுதான். மற்ற இரவுகள் மலைக் குடிலிலோ சாலையோர விடுதியிலோ. எனவே மலைக் கிராமம் பார்க்கத்தான் போகிறோம் என்றால் இது தோற்றுவிடுகிறது. அப்படிப்பட்டவர்கள் அதே சேன் தல்மாஸிலிருந்து ஊத்தெல், அஸ்ப்ரமோன் போன்ற குன்றுச்சி ஊர்கள் வழியாக நீஸுக்கு இறங்கும் ஜி.ஆர். 5-ஐ எடுத்துக்கொள்ளலாம்.

மலைக்காகத்தான் என்றால் இதற்கு இணையில்லை. ஆனால் இதன் சாவி பா து மோன் கொலோம் என்ற 2,548 மீட்டர் கணவாயில் இருக்கிறது. இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே ஒரு ஆள் நுழையும் பிளவு. இரண்டு பக்கமும் கற்குவியல் நிறைந்த செங்குத்துச் சரிவு. ஜூலை முதல் பாதி வரை நிழல் பக்கத்தில் கெட்டிப்பட்ட பனி கிடக்கலாம். காலையில் அது கண்ணாடிபோல் இறுகியிருக்கும். வழுக்கினால் கீழேயுள்ள பாறைகளில்தான் போய் நிற்க வேண்டும். கிராம்பானும் (காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்) பனிக்கோடரியும் பழக்கமில்லாதவர்கள் ஜூலை 20-க்கு முன்னால் அங்கே போகவேண்டாம். அதற்குப் பிறகும் முந்தைய இரவே குடில் காப்பாளரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அவர் போகாதே என்றால் போகக்கூடாது. மறுபக்கம் இறங்கியதும் வருவது கொர்தொலாஸ்க் பள்ளத்தாக்கு. அதன் வழியே கீழே நடந்தால் சாலை முடியும் இடம் வந்துவிடும். இந்த வாரத்தில் நடுவழியில் விலக நல்ல இடம் இது.

அடுத்த நாள் 2,693 மீட்டர் பாஸ்தோ கணவாய். பிறகு மெர்வேய் பள்ளத்தாக்கு. பெகோ மலையைச் சுற்றி, பனியாறு இழைத்து வழவழப்பாக்கிய பாறைகளில் சுமார் 40,000 செதுக்கல்கள். கொம்புள்ள மாடு, ஏர், குத்துவாள். பெரும்பாலும் செம்புக் காலத்தையும் வெண்கலக் காலத்தையும் சேர்ந்தவை. பாறையில் கீறல் விழும் என்பதால் இரும்பு முனை தெரியும் கம்புக்கு அனுமதியில்லை. முனைக்கு ரப்பர் குப்பியை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், உதிரியாக ஒரு ஜோடியும் வைத்துக்கொள்ளுங்கள், கல் இடுக்கில் அடிக்கடி கழன்று விழும்.

இங்கே மலையேற்றம் தெரிந்தவர்களையும் வீழ்த்துவது கடைசி இரண்டு நாள். 2,000 மீட்டருக்கு மேலிருக்கும் ஓத்தியோனிலிருந்து 350 மீட்டர் சோஸ்பெலுக்கு ஒரே நாளில் இறக்கம். மறுநாள் மீண்டும் 1,000 மீட்டருக்கு மேல் ஏறி, பெர்சோ கணவாயிலிருந்து கடல் மட்டம்வரை இறக்கம். கீழே வெயில் கொளுத்தும். மேலே பத்து டிகிரியில் நடந்தவர் மூன்று லிட்டர் தண்ணீர் தூக்கியிருக்க மாட்டார்.

இன்னொன்று. 2020 அக்டோபர் 2 அன்று அலெக்ஸ் புயல் வெசுபி, ரோயா பள்ளத்தாக்குகளைப் புரட்டிப்போட்டது. சேன் மார்த்தான் வெசுபியில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. பாலங்களும் சாலைகளும் நடைவழிகளும் அடித்துப் போயின. அதற்கு முந்தைய வரைபடத்தையோ ஜி.பி.எஸ். தடத்தையோ நம்பிப் போனால் ஆற்றோரத்தில் வழி இல்லாமல் நிற்க நேரிடும்.

ஓநாய் பிரான்சுக்குத் திரும்பி வந்தது 1992-இல், இந்த மெர்கான்தூர் வழியாகத்தான். அதனால் ஆட்டு மந்தைகளோடு பத்தூ என்ற பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் இருக்கும். நாய் குரைத்து ஓடி வந்தால் நில்லுங்கள். கம்பைத் தாழ்த்திப் பிடியுங்கள், ஓங்காதீர்கள். மெதுவான குரலில் பேசுங்கள், அது மோந்து பார்க்கட்டும். பிறகு மந்தையை நன்றாகச் சுற்றிக்கொண்டு விலகுங்கள். ஓடினால் துரத்தும், மந்தைக்கு நடுவே போனால் தாக்கும்.

வெள்ளை-சிவப்புக் கோடு சொல்லாதது

எல்லா ஜி.ஆர். பாதையிலும் வெள்ளைக்குக் கீழே சிவப்பு, இரண்டு பட்டைகள். பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று பொருள். சிக்கல் என்னவென்றால் கோட்டில் பெரும்பாலும் எண் இருக்காது. லு புய்யிலும் லா பஸ்தீத்திலும் ஃப்ளோராக் சுற்றிலும் பல ஜி.ஆர்.கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. சரியான கோட்டைப் பார்த்துக்கொண்டே தவறான பாதையில் ஐந்து கிலோமீட்டர் போவது இப்படித்தான். ஊரைவிட்டு வெளியேறும் முதல் கால் மணி நேரத்தில் ஐ.ஜி.என். (பிரெஞ்சு அரசின் நில அளவை நிறுவனம்) வரைபடத்தோடு திசையை ஒப்பிட்டுவிட்டால் போதும். 1:25,000 அளவு வரைபடங்களைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் வராது.

கூடாரம் அடிக்க செவென், மெர்கான்தூர் இரண்டு தேசியப் பூங்காவிலும் மாலை ஏழு முதல் காலை ஒன்பது வரை மட்டும். செவெனில் ஜி.ஆர். பாதையை ஒட்டியே அடிக்க வேண்டும். மெர்கான்தூரில் சாலையிலிருந்தோ பூங்கா எல்லையிலிருந்தோ ஒரு மணி நேர நடைக்கு அப்பால். மெர்வேயில் குடிலருகே மட்டும். நெருப்பு எங்குமே கூடாது.

தண்ணீருக்கு ஒரு வழி: ஊர்க் குழாயில் குடிக்க உகந்ததல்ல என்று பலகை இருந்தாலோ, குழாயே கிடைக்காவிட்டாலோ, கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பூச்செடிகளுக்காக அநேகமாக எல்லாக் கல்லறைத் தோட்டத்திலும் குழாய் உண்டு. அங்கேயும் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.

சாப்பாடும் படுக்கையும்

ழீத் என்ற வழிநடை விடுதியில் இரவுச் சாப்பாடு, படுக்கை, காலைச் சாப்பாடு மூன்றும் சேர்த்துத் தலைக்குப் பெரும்பாலும் 50 யூரோவுக்கு முன்பின். மலைக் குடிலில் இன்னும் சற்றுக் கூட. சாப்பாடு ஏழு அல்லது ஏழரைக்கு, எல்லோருக்கும் ஒன்றாக. சைவம் என்றால் பதிவின்போதே சொல்லுங்கள், வாசலில் வந்து சொன்னால் ஆம்லெட்தான். இறைச்சி இல்லை என்று மட்டும் சொன்னால் போதாது. லு புய்யின் பச்சை மைசூர்ப் பருப்பு பார்க்கச் சைவம்தான், ஆனால் பன்றிக்கொழுப்புத் துண்டு போட்டே வேகவைப்பார்கள். சூப்பும் அப்படியே. ஓப்ராக்கின் அலிகோ நல்ல தேர்வு. மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெய், பூண்டு, முதிரவிடாத புதுத் தோம் சீஸ். கிலோவுக்கு 400 கிராம் கணக்கு. கரண்டியைத் தூக்கினால் ஒரு முழம் இழை வரும்வரை கிண்டுவார்கள். கன்றின் இரைப்பை நொதி சேர்ந்த சீஸைத் தவிர்ப்பவர்களுக்கு மட்டும் இது ஆகாது.

சிற்றூர்க் கடைகள் மதியம் மூடும், ஞாயிறு மாலையும் திங்களும் பல இடங்களில் திறக்கவே மாட்டா. ஏ.டி.எம். இல்லாத ஊர்கள் நிறைய, 150 யூரோவாவது நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். யாத்திரைப் பாதையில் முதுகுப்பையை வாசலிலேயே வைக்கச் சொல்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து, கோபித்துக்கொள்ள வேண்டாம். குடில்களில் கம்பளி தருவார்கள், உள்ளே நுழைந்து படுக்கும் பைத்துணி உங்களுடையதாக இருக்க வேண்டும்.

எப்போது, எந்த வரிசையில் பதிவு?

யாத்திரைப் பாதைக்கு மே நடுப்பகுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை ஏற்றது. ஏப்ரலிலும் ஓப்ராக்கில் பனி பொழியலாம். மே மாதத்தில் தொழிலாளர் தினம், மே 8, விண்ணேற்ற விழா என்று விடுமுறைகள் அடுத்தடுத்து வருவதால் நஸ்பினாலில் படுக்கை கிடைப்பது அரிது. செவெனுக்கு மே நடு முதல் ஜூன் முடிய, அல்லது செப்டம்பர் முதல் பாதி. ஜூலை, ஆகஸ்டில் ஃப்ளோராக்குக்குத் தெற்கே வெப்பம் தாங்காது. செப்டம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் வரை இன்னொரு ஆபத்து. கடலிலிருந்து வரும் ஈரக் காற்று செவென் சரிவில் முட்டி, ஒரே நாளில் சில நூறு மில்லிமீட்டர் கொட்டித் தீர்க்கும். ஆரஞ்சு, சிவப்பு வானிலை எச்சரிக்கை நாட்களில் எந்த ஓடையையும் கடக்கக்கூடாது, ஆற்றங்கரையில் கூடாரமும் கூடாது. மெர்கான்தூருக்கு ஜூலை கடைசி முதல் செப்டம்பர் நடு வரை மட்டும். கோடைப் பிற்பகலில் இடி வருவதால் கணவாயை மதியத்துக்குள் தாண்டிவிட வேண்டும். அவசர எண் 112. மலையில் மீட்புக் காவலர்கள் வந்து தூக்கிச் செல்வதற்குப் பிரான்சில் கட்டணமில்லை, ஆனால் மருத்துவமனைச் செலவுக்குக் காப்பீடு வேண்டும்.

பதிவை முதல் நாளிலிருந்து வரிசையாகச் செய்யாதீர்கள். படுக்கை மிகக் குறைவான இரவை முதலில் பிடியுங்கள்: செவெனில் லு போன் து மோன்வேர், யாத்திரைப் பாதையில் நஸ்பினால், மெர்கான்தூரில் மெர்வேய் குடில். அந்தத் தேதி உறுதியானதும் அதற்கு முன்னும் பின்னும் இரவுகளை நிரப்பி, ரயில் சீட்டைக் கடைசியில் வாங்குங்கள். திரும்பும் வழியில் மான்தோனிலும் அலேஸிலும் ரயில் நிலையம் உண்டு. சேன் ழானிலிருந்து அலேஸுக்குப் பஸ். கோங்கில் ரயில் கிடையாது. மூட்டை வண்டிக்காரர்களே ஆட்களையும் லு புய்க்கும் ஓமோனுக்கும் திரும்ப ஏற்றிப் போகிறார்கள். அந்த இருக்கையையும் படுக்கையோடு சேர்த்தே பதிந்துவிடுங்கள்.